கூடை தூக்கும் கை

ஓடைப்பட்டி
3.2.2025

அன்பு மகள் உமாதேவிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பேஸ்பால் முகாமில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாமே, அதனால் இந்தக் கடிதம்.

நேற்று அனுமந்தன்பட்டியிலிருந்து உனக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை விஜய்பாண்டி வீட்டார் வந்தார்கள். அவன் அம்மா போனில் ஒரு வீடியோ காட்டினார். பேஸ்பால் உடுப்பில் நீ தொடையைத் தட்டிப் பாடுகிறாய். "இது என்னங்க, பொம்பளப்பிள்ள பாடுற பாட்டா?" என்றார். விளையாட அனுப்பியது நான்தான். பாட்டு எதற்கம்மா? யார் சொல்லிக் கொடுத்தது?

அப்பா
சின்னச்சாமி


தேனி
7.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் ஆட்டத்தில் நாங்கள் பந்தைத் தவறவிட்டபோதெல்லாம் எதிரணிக்காரிகள், "போய்த் திராட்சைக் கூடை தூக்குங்கடி!" என்று கத்தினார்கள். எங்கள் அணியில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். மகிமா அழுதேவிட்டாள். பந்து வீசுகிற ஜாய்ஸ் போடியில் கடைக்காரர் மகள், கூடையைத் தொட்டதுகூட இல்லை. அவளுக்குத்தான் கோபம் அதிகம். "ஏ உமா, நீ தூக்கிருக்கேல்ல? சொல்லுடி அவளுககிட்ட!" என்றாள்.

வாயில் வந்ததைக் கத்தினேன்:

கூடை தூக்கும் கைதான்டி
கோட்டைத் தாண்டி அடிக்கும்டி!

ஜாய்ஸ் சர்ச்சில் பாடுகிறவள், அங்கேயே ராகம் போட்டுவிட்டாள். தொடை தட்டி ஆரம்பித்தது மகிமா. அன்று தோற்றோம் அப்பா. அதற்குப் பிறகு பாடாமல் இறங்கியதில்லை, தோற்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பதினாறாம் தேதி, இறுதி ஆட்டம்.

பாட்டை நிறுத்த மாட்டேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அம்மாவை மாத்திரை போடச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
உமா


ஓடைப்பட்டி
12.2.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டை இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள்.

மறுநாள் அனுமந்தன்பட்டிக்கு நானே போனேன். "பிள்ள பாட்ட விட்டா நாள் குறிச்சுரலாம்" என்றார் அந்த அம்மா. "நாங்க கூடை தூக்கித்தாங்க சாப்பிடுறோம். அதப் பாடுறதுல எங்களுக்கு ஒரு வெக்கமும் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். காபிகூடக் குடிக்கவில்லை. விஜய்பாண்டி பஸ் ஸ்டாப் வரை வந்து, "மனசுல வச்சுக்காதீக" என்றான். நல்ல பையன்தான். அதை வீட்டுக்குள் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

உனக்கு வருத்தம் இருந்தால் அம்மாவிடம் சொல். எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறோம். பந்து எங்கே போனால் கைதட்ட வேண்டும் என்று எனக்கு விளங்காது. அம்மாவுக்குத் தெரியுமாம். அவள் எழுந்தால் நானும் எழுந்துகொள்வேன்.

அப்பா