ஒத்திகையில் சொல்லாத வரி

அன்புள்ள லுவெல்லா,

இத்தனை வருஷம் மேடையில் தட்டு ஏந்தியே நின்ற எனக்கு நேற்று நியூயார்க்கில் ஒரு நாடகத்தின் கடைசி வரி கிடைத்தது.

நீயும் மேடை ஏறியவள்தானே. கடைசி வரியை ஒத்திகையில் சொன்னால் நாடகம் விளங்காது என்பது நம் நம்பிக்கை; அதனால் அதை யாரும் சொல்ல மாட்டோம். நானும் அந்த இடம் வந்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

“தட்டு தூக்குற ஆளுக்கு மொத நாள் காட்சியிலயாவது வாய் திறக்குமா?” என்று கதாநாயகி எல்லார் முன்னாலும் கேட்டாள்.

“திறக்கும்மா. நீங்க கைக்குட்டைய மறக்காம எடுத்துட்டு வாங்க” என்றேன்.

நேற்று சொன்னேன். “விளக்கை அணைக்காதீர்கள் அம்மா, அவர் வருவார்.” அவ்வளவுதான். அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. திரை இறங்கிய பிறகும் கதாநாயகி நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்.

இன்றைய பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களைத் தேடிப் படிக்காதே.

திங்கட்கிழமை உன் அண்ணனின் செருப்புக்கடையில் வேலைக்கு வந்துவிடுகிறேன். “வேஷத்தக் கலைச்சாச்சா மாப்ள?” என்பார். சொல்லட்டும். நாடகத்தை ஒரே காட்சியோடு தூக்கிவிட்டார்கள். இனி அது எங்கும் நடக்காது. ஒத்திகையிலும் யாரும் சொல்லாததால், அந்த வரியை வாய்விட்டுச் சொன்னவன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான்.

இப்படிக்கு,
அந்த ஒருவன்