தேதி போடாத அந்தமான் பயணம்

என்னைத் தூக்கி வளர்த்த என் அக்காவுக்கு, நீ எங்கே இருந்தாலும் தங்கச்சியின் குரல் காதில் விழட்டும்.

வெள்ளிக்கிழமை பூசையை முடித்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். "போய்ச் சேந்தவளுக்கு இன்னா கடுதாசி? போஸ்ட்மேன் யாரு, எமனா?" என்று உன் வீட்டுக்காரர், என் மாமா, கட்டிலில் இருந்தபடியே கேட்கிறார். கேட்டதற்கே இருமல் வந்து, அது அடங்க அரை டம்ளர் வெந்நீர் ஆயிற்று. நான் தான் ஓயாமல் உன்னிடம் பேசிக்கொண்டே இருக்கிறவளாயிற்றே. இன்றைக்கு அதையே நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன், அவ்வளவுதான். கோலார் தங்க வயலில் இருமுகிற வீடு நம் வீடு மட்டும்தானா?

உன் மகள் அமுதா அந்தமானுக்குப் போகலாம் என்றாள் அக்கா. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

காரணம் நீதான். நீ படுத்திருந்தபோது எதிர் லைன் பெண் கல்யாணமாகி அங்கே போய்வந்த படங்களை போனில் காட்டினாளே, நினைவிருக்கிறதா? எல்லாரும் அந்தப் பெண்ணின் உடுப்பைப் பார்த்தோம். நீ மட்டும் கடலைப் பார்த்தாய். "நெஜமாவே தண்ணி இந்தக் கலராடி கீது?" என்று கேட்டாய். போகவேண்டும் என்று நீ சொல்லவே இல்லை. கலரைத்தான் கேட்டாய். அது அமுதாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு இருந்திருக்கிறது. உன் வருஷத் திதி முடிந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மாவத்தான் கூட்டிட்டுப் போவல. சித்தியையாவது கூட்டிட்டுப் போறேன்" என்றாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? கட்டினவரும் போய், பிள்ளையும் இல்லாமல், இந்தச் சுரங்கத்து லைன் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்குக் கடல் என்றால் ஆசை வராதா?

பேச்செல்லாம் மாமா கட்டிலைச் சுற்றித்தான் நடந்தது. வேறு இடம் ஏது நம் வீட்டில்? அமுதா பெங்களூரு வேலையில் இருந்து ரயிலில் வந்து இறங்கியதும் இறங்காததுமாக போனை எடுத்துக்கொண்டு உட்காருவாள். எந்தத் தீவு, எந்தப் படகு, எந்த ஓட்டல் என்று அவளும் மருமகனும் சண்டை போடுவார்கள். உன் பேத்தி நிலா தண்ணீருக்குள் இறங்கி மீன் பார்க்கவேண்டும் என்று தாத்தாவுக்குப் படம் காட்டினாள். ஒருத்தன் மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இருந்தான்.

"இதுக்கா அந்தமான் போறீங்க? நான் கட்டில்லயே கொழா மாட்டிக்கினுதான கீறேன். என்ன வந்து பாரு, டிக்கெட்டே வாணாம்" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தோம். அவர் மூக்கிலும் ஆக்சிஜன் குழாய்தான் இருந்தது. பக்கத்தில் மெஷின் உறுமிக்கொண்டு இருந்தது. அமுதா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவரையும் அழைத்துப் போகத்தான் பார்த்தோம். கோலாரில் டாக்டரிடம் கேட்டோம். சுரங்கத்துத் தூசி நுரையீரலைக் கல்லாக்கி வைத்திருக்கிறது, விமானம் ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டார். "அய்யா, நான் நந்திதுர்க் ஷாஃப்ட்ல கேஜ்ல எறங்குனவன், எனக்குக் காது அடைக்காது" என்று மாமா வாதாடினார். டாக்டர் சின்னப் பையன். ஷாஃப்ட் என்றால் என்ன என்று கேட்டான்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. நாங்கள் திரும்பி வரும்வரை பெங்களூரில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் மாமாவை விடலாம் என்று. அமுதாவைத் தப்பாக நினைக்காதே அக்கா. அவளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுத்தமான கட்டில், நர்ஸ் இருக்கிறாள், கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது. நம் வீட்டில் கரண்ட் போனால் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நான் தானே ஓடுகிறேன்? மாமாவும் தலையாட்டினார். "ஆஸ்டல்ல சேக்கற. ஞாயித்துக்கெழம கறி போடுவாங்களா கேட்டியா?" என்றார். பழகட்டும் என்று முன்கூட்டியே ரெண்டு நாள் விட்டுப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. விட்டுவிட்டு வருகிற வழியில் எனக்கு வெயில் தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தாள் உன் மகள். ஆட்டோ கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்து நானே சிரித்தேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்தில் ஷாஃப்ட் என்கிற ஆழக் குழியில் ஆட்கள் போய்வருகிற கூண்டுதான் கேஜ்; அதை ஏற்றவும் இறக்கவும் மணி அடித்துத்தான் சேதி சொல்வார்கள். மூன்று மணி அடித்தால் உள்ளே ஆள் இருக்கிறான், பார்த்து எடு என்று அர்த்தம். அந்தப் பழக்கம் மாமாவை விடவே இல்லை. மூச்சு முட்டினால் கூப்பிடக் குரல் வராது. அப்போது சுவரில் மூன்று தட்டு தட்டுவார். அந்தப் பக்கம் உலை வைத்திருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு நான் ஓடிவருவேன். நீ இருந்தவரை நீ ஓடினாய். நம் லைனில் குழந்தைக்குக்கூட அந்தத் தட்டு தெரியும்.

ரெண்டாம் நாள் கூட்டிவரப் போனோம். மாமாவின் கட்டிலைச் சுவரில் இருந்து தள்ளி, அறைக்கு நடுவில் போட்டிருந்தார்கள். வலது கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்துத் துணிப் பட்டையால் கட்டியிருந்தார்கள்.

அமுதா அலறிவிட்டாள். வேலை பார்க்கிற பெண் பயந்து போய் ஓடிவந்தாள். கன்னடக்காரப் பெண், பாவம், நமக்காகத் தமிழில் பேசினாள். "அஜ்ஜா சும்மா சும்மா செவுத்த தட்றாரு மேடம். பக்கத்து ரூம்ல தூங்க முடியலன்னு சொல்றாங்க. ஏனு பேக்கு, என்ன வேணும்னு கேட்டா பேசல, மறுபடி தட்றாரு. மைண்ட் சரியில்லன்னு நெனச்சோம்."

நான் கட்டை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போய் இருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். மணிக்கட்டில் சிவப்பாகப் பட்டை விழுந்திருந்தது. அவர் தட்டினதெல்லாம் மூச்சுக்காகத் தட்டினது அக்கா. ஆள் இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லித் தட்டியிருக்கிறார். அவர்கள் வந்து கையைக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த இடத்தைத் திட்டி எழுத எனக்கு மனசு வரவில்லை. அடித்தார்களா, பட்டினி போட்டார்களா? சோறு போட்டார்கள், உடம்பு துடைத்துவிட்டார்கள். மாமாவே வண்டியில் வரும்போது அமுதாவின் தலையைத் தடவிச் சொன்னார்: "அழாதம்மா. அதுங்க மேல தப்பில்ல. அதுங்களுக்கு மணி தெரியாது. நாமதான் சொல்லிட்டு வந்துருக்கணும்."

சொல்லிவிட்டு வரவேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே, ஏன்? உலகத்துக்கே அந்தத் தட்டு தெரியும் என்று நினைத்துக்கொண்டோமா?

வீட்டுக்கு வந்ததும் அமுதா பயணம் வேண்டாம் என்றாள். "நீங்க மூணு பேரும் போங்க, நான் மாமாகூட இருக்கேன்" என்றேன். "அம்மாவும் பாக்கல, நீயும் பாக்கல, நான் மட்டும் போயி எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பாக்கறது சித்தி?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். மாமாதான் குறுக்கே வந்தார். "வாணாம்னு சொல்லாத. தேதிய மாத்து, போதும்" என்றார்.

"எப்பக்கி மாத்தறது நைனா?" என்று அமுதா அப்பாவைக் கேட்டாள்.

நிலாதான், "தாத்தாக்கு ஒடம்பு சரியானதும் போலாம்" என்றாள். குழந்தைதானே. மாமா அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அமுதாவிடம், "மழ முடியட்டும். அதுக்குள்ள நான் கட்டில காலி பண்ணிக் குடுத்துர்றேன்" என்றார், வாடகை வீட்டை ஒழித்துத் தருகிறவர் மாதிரி.

"வாய மூடு நைனா" என்று சொல்லிவிட்டு அமுதா உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றில் இருந்து எங்கள் வீட்டில் "அப்புறம் போகலாம்" என்றுதான் பேச்சு. அப்புறம் என்றால் எப்போது என்று எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் கேட்கிற தூரத்தில் வைத்தே அதைச் சொல்கிறோம், பருப்புக்கு உப்புப் போட்டாயா என்கிற மாதிரி.

போன செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கண்ணை மூடினதும் பழக்கத்தில் வாய் தானாக வேண்டிக்கொண்டது: தாயே, நாங்கள் நல்லபடியாக அந்தமான் போய்வர வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் கண்ணைத் திறந்துவிட்டேன். நான் என்ன கேட்கிறேன் அக்கா? சீக்கிரம் போகவேண்டும் என்று கேட்டால், அவள் எதை எடுத்துக்கொண்டு எதைக் கொடுப்பாள்? இத்தனை நாளாக நெய் விளக்குப் போட்டு நான் கேட்டதெல்லாம் இதுதானா?

பூசாரி தட்டோடு நின்றார். "அர்ச்சன யாரு பேருக்கும்மா?" என்றார். மாமா பேரைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் சொல்லியிருப்பாய். வீட்டுக்கு வந்து அவரிடமே கேட்டேன். "எங்க நைனா நைட் ஷிஃப்ட்ல இருந்தப்ப பொறந்தேனாம். பாக்கறதுக்கு யாரு இருந்தாங்க?" என்றார். நட்சத்திரமே இல்லாத மனுஷனுக்கு எப்படி அக்கா வேண்டுவது?

இருந்தாலும் வேண்டுகிறேன். இன்றைக்கு உனக்கு வாக்குக் கொடுக்கத்தான் இத்தனையும் எழுதினேன். இனிமேல் சாமி முன்னால் அந்தத் தீவின் பேரை நான் எடுக்க மாட்டேன். இந்த மழை அவர் தாண்ட வேண்டும் என்று கேட்பேன். தாண்டினால் அடுத்த மழையையும் கேட்பேன். எனக்கு முட்டி தேய்ந்து, கடற்கரை மணலில் நடக்கவே முடியாமல் போனாலும் சரி, வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டே இருப்பேன். கடைசியில் மாரியம்மன் மனசு இரங்காமல் அவரைக் கூப்பிட்டுக்கொள்கிற அந்த நேரத்தில், அவர் கை கட்டில் கம்பியில் இருக்காது. என் கைக்குள் இருக்கும். இது உன்மேல் சத்தியம்.

உன் புருஷனுக்கு மச்சினிச்சி, உன் மகளுக்குச் சித்தி, உனக்கு என்றைக்கும்
உன் முதுகில் வளர்ந்த தங்கச்சி
சரோஜா