வெள்ளைப் பின்னணி

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா, தம்பி, நான் மூவரும் நலம். நீங்கள் நலமா என்று கடிதத்தில் இந்த இடத்தில் கேட்பது வழக்கம். நான் கேட்கவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்று நினைப்பீர்கள். போனில் ‘ம்’, ‘சரிப்பா’ இரண்டையும் தவிர நான் வேறு பேசி நீங்கள் கேட்டதில்லை. அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். தம்பி பின்னாலிருந்து கத்துகிறான். என் முறை வரும்போது ‘சரிப்பா’ என்று சொல்லிப் போனைத் தம்பி பக்கம் தள்ளிவிடுகிறேன். அதனால்தான் உங்கள் கம்பெனியில் கிரேன் ஓட்டும் மாமா லீவு முடிந்து திரும்புகிறார் என்று தெரிந்ததும் ஒரு கவர் கொடுத்தனுப்பலாமா என்று அவரிடம் போய்க் கேட்டேன். “கவர்ல என்னம்மா, அப்பன் பேர்ல சொத்து எழுதிட்டியா?” என்று சிரித்தார்.

நீங்கள் கேட்ட பாஸ்போர்ட் சைஸ் படங்கள் இதே கவரில் இருக்கின்றன. எட்டுப் பிரதி. கடிதத்தை முழுதும் படித்த பிறகு அவற்றை எடுங்கள். படித்துக் காட்டச் சொல்லி யாரிடமும் கொடுக்காதீர்கள். எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன், மெதுவாகப் படித்தால் போதும்.

வீட்டில் ஒரே துணி மயம். பள்ளிச் சீருடை தைக்க அம்மாவுக்கு மொத்தமாக வந்திருக்கிறது. எல்லா நாற்காலியிலும் சாம்பல் நிறக் கால்சட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன. நாங்கள் தரையில் உட்காருகிறோம். தம்பி உங்கள் உயரத்தைத் தாண்டிவிட்டான் என்று நினைக்கிறேன். அலமாரியிலிருந்து உங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துப் போட்டான்; கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. அம்மா கழற்றச் சொன்னாள். “அது அப்பா வந்து போடுறது” என்று மடித்து மறுபடி உள்ளே வைத்தாள்.

அந்த அலமாரிக்கு முன்னால் நின்றுதான் அன்றைக்கு உங்கள் போனைக் கேட்டோம். கான்ட்ராக்டை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கப் போவதாகச் சொன்னீர்கள். “ரெண்டு வருஷம்தான, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்” என்றீர்கள். காரணம் என்று சொன்னது என்னைத்தான். மெயின் ரோட்டின் மேல் எனக்கென்று ஒரு ஸ்டூடியோ, போர்டில் என் பெயர், அதற்குப் பிறகு நான் எவரிடமும் கை கட்டி நிற்க வேண்டாம். கூடவே ஒரு பெருமூச்சு. “நம்ம குடும்பத்துலயே முதல் டிகிரி நீதான். நீ என்னடான்னா வேலை வேலையாத் தாவிட்டிருக்க.”

அந்தப் பெருமூச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் தாவவில்லை அப்பா. முதலில் போனது பள்ளிக்கூடப் படம் எடுக்கும் கம்பெனி. ஒரு வகுப்புப் பிள்ளைகளை பெஞ்சில் ஏற்றி, அத்தனை பேரின் கண்ணும் திறந்திருக்கும் நேரம் பார்த்து அமுக்க வேண்டும். தொண்டை கிழியக் கத்தினால்தான் நடக்கும் என்றார்கள். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று எதையாவது மெல்ல முணுமுணுப்பேன். இந்த அக்கா என்ன சொல்கிறாள் என்று எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். அந்த நொடியில் எடுத்துவிடுவேன். அங்கே எனக்கு ‘ஊமைக் குசும்பு’ என்று பெயர். பள்ளிக்கு லீவு விட்டார்கள், எனக்கும் விட்டார்கள். பள்ளியை மறுபடி திறந்தபோது என்னைக் கூப்பிடவில்லை.

அப்புறம் ஆன்லைன் கடைக் கிடங்கு. அங்கே செருப்புகள். ஒரு ஜோடியில் ஒற்றைக் காலைத்தான் எடுப்பார்கள். நாள் முழுக்க ஒற்றைச் செருப்பாகப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறினால் யார் காலையும் பார்க்கப் பிடிக்காது. அதுவே சுழன்று அதுவே படமெடுக்கும் மேடை ஒன்று வந்ததும் நான் கிளம்பினேன். மேடைக்குக் கால் வலிக்காது, டீயும் கேட்காது.

வீட்டுத் தரகரிடம் இருந்தது உங்களுக்குத் தெரியும். ஏன் வெளியே வந்தேன் என்பதுதான் தெரியாது. ஒரு வீட்டில், ஜன்னல் வெளிச்சம் ஒரு ஈரச் சுவரின் மேல் விழுந்திருந்தது. மேகம் கலைந்த வானம் போல இருந்தது சுவர். அதையே நாலைந்து படம் எடுத்துவிட்டேன். தரகர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்மா, நான் வீட்டை விக்கறேன், ஓதத்தை இல்ல.” அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கே சிரிப்பு வந்தது.

அடிபட்ட வண்டிகளைப் படமெடுத்த இன்சூரன்ஸ் வேலையைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் வருத்தப்பட்டீர்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரே வேலை அது. தகரத்தில் நெளிவு தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் பக்கத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும். நேரே ஃபிளாஷ் அடித்தால் நெளிவெல்லாம் சமமாகிவிடும். அங்கே இருந்த மேலாளர் சில வண்டிகளுக்கு மட்டும் “நேரா அடிம்மா, நேரா” என்பார். நஷ்ட ஈட்டைக் குறைக்க நினைக்கும் வண்டிகளுக்குத்தான் அப்படி என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நாளானது. புரிந்த பிறகு அட்டையைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். சண்டை போடவில்லை. எனக்கு எங்கே சண்டை வரும்?

இப்போதைய ஸ்டூடியோ மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே ஸ்டூலில் உட்காருவார்கள். வேலைக்கு, பரீட்சைக்கு, வெளிநாட்டுக்கு என்று எல்லாருக்கும் அவசரம். “சிரிக்கலாமா?” என்று கேட்பார்கள். கூடாது என்று தலையை ஆட்டுவேன். நான் தலையாட்டுவதைப் பார்த்தே சிரித்துவிடுவார்கள். பேசுவதற்கென்று முதலாளி இருக்கிறார். கம்ப்யூட்டரில் முகங்களைச் சரிசெய்ய இன்னொருவர், எல்லாரும் அவரை டச்சப் அண்ணன் என்போம். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து இப்போது பாதி டச்சப் நான்தான் செய்கிறேன். முதலாளி போன மாதம் கடைச் சாவியில் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் எனக்காக எடுக்கிறேன்: பஸ் கம்பியைப் பிடித்திருக்கும் கைகள், கடை ஷட்டரை இழுத்து மூடுகிறவர்களின் முதுகு. முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட இன்னும் கூச்சம்தான். நீங்கள் வாங்கி அனுப்பிய கேமராவில் ஒரு பட்டன் தேய்ந்துவிட்டது. அது தேய்ந்ததில் எனக்குப் பெருமை.

டச்சப் என்றால் பொய் என்று நான் நினைக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகும் பெண் பருவோடு வந்தால் கேட்காமலே எடுத்துவிடுவேன். பரு எப்படியும் போகப்போவதுதான். போகிறதைக் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பிவைக்கிறேன், அவ்வளவுதான்.

இனி உங்கள் படம்.

கான்ட்ராக்டை நீட்டிக்கக் கம்பெனிக்குப் புதுப் படம் வேண்டும் என்று போனில் எடுத்து அனுப்பினீர்கள். “பின்னாடி என்ன இருந்தாலும் பரவால்லம்மா, நீ எப்படியும் வெள்ளையாக்கிருவ. ஆளைக் கொஞ்சம் தெம்பாக் காட்டு. அம்பதைத் தாண்டினா இங்க உத்து உத்துப் பாக்குறானுங்க” என்றீர்கள். சரிப்பா என்றேன்.

ஸ்டூடியோவில் திறந்தபோது டச்சப் அண்ணன் எட்டிப் பார்த்தார். “யாரு இந்த ஆளு, கட்டையில போற மாதிரி உக்காந்திருக்காரு? கண்ணுக்குக் கீழ ரெண்டு தேய்ப்பு, முடிக்கு ஒரு கறுப்பு, பத்து வயசைக் குறைச்சிரலாம்.” எங்கப்பா என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்தார். “நீயே பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டு, டீ வாங்கப் போகிறேன் என்று கீழே இறங்கிப் போனவர் வெகு நேரம் வரவில்லை.

அப்பா, எங்கள் வேலையில் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பின்னணியை ஒரே தட்டில் அழிக்கிற வசதி கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனால் அது காது மடலைக் கடித்துவிடும். உங்கள் காதைக் கடிக்கவிட எனக்கு மனமில்லை. கையாலேயே செய்ய உட்கார்ந்தேன். அப்படிச் செய்யும்போது படத்தைப் பெரிதாக்கி, முடியின் ஓரம், கழுத்து, தோள் என்று ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டும். எது ஆள், எது ஆள் இல்லை என்று பிரித்துக்கொண்டே போக வேண்டும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருவர் விட்டுவைத்ததையெல்லாம் அழிக்கிறவள் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நீங்கள் தங்கும் அறையில் உங்களுக்கு ஜன்னலோரம் மேல்கட்டில், நல்ல காற்று என்று சொல்லியிருந்தீர்கள். படத்தில் உங்கள் போர்வை கீழ்க்கட்டிலில் கிடக்கிறது. அம்மா ஓரம் அடித்த போர்வை எனக்குத் தெரியாதா? கட்டில் கம்பியில் இடுப்புக்குக் கட்டும் பெல்ட் தொங்குகிறது. தலையணைக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை. பெயரைப் பெரிதாக்கிப் படித்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கீழே மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். “முதுகுத் தண்டு வலிக்கும்மா. சும்மா வலிக்கு இதைத் தர மாட்டாங்களே, யாருக்கு?” என்றார். கஸ்டமருக்கு என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

உங்கள் முகத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததேயில்லை அப்பா. நெற்றியில் வெல்டிங் முகமூடிப் பட்டையின் தடம், படம் எடுக்கும் நேரத்திலும் மறையாமல் அப்படியே இருக்கிறது. கன்னம் உள்ளே போயிருக்கிறது. சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த உதடு சிரிப்பை அடக்கவில்லை, வலியை அடக்கியிருக்கிறது. இதில் எதுவும் தானாகப் போகிற பரு இல்லை.

அதற்குப் பிறகுதான் தோள் ஓரத்துக்கு வந்தேன். சட்டைக் கைக்குக் கொஞ்சம் மேலே மூன்று விரல்கள். உங்கள் விரல்கள் இல்லை. பக்கத்தில் நிற்கும் யாரோ, படச் சட்டத்துக்கு வெளியே நின்று, உங்களை நிமிர்த்திப் பிடித்திருக்கிறார். நகக்கண் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்திருக்கிறார். வெட்டும்போது எப்படியும் போய்விடும் என்று இருவரும் பேசி வைத்திருப்பீர்கள்.

எங்கள் கடைக்குக் கைக்குழந்தைகளைக் கொண்டுவருவார்கள். கழுத்து நிற்காத குழந்தை. தாய் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு பின்னால் மறைந்திருந்து பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பாள். அந்தக் கையை நான் பின்னால் அழித்துவிடுவேன். எத்தனையோ கைகளை அழித்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைக்கு அந்தக் கை வேண்டியிருக்காது என்ற தைரியத்தில் அழிக்கிறேன்.

உங்கள் தோளில் அந்த மூன்று விரல்களின் மேல் சுட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழித்தால் நீங்கள் சாய்ந்துவிடுவீர்கள் போல இருந்தது.

அதனால் நான் செய்தது இதுதான். கட்டில், பெல்ட், மாத்திரை எல்லாவற்றையும் அழித்துப் பின்னணியைச் சுத்தமான வெள்ளையாக்கினேன். அதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. முகத்தைத் தொடவில்லை. சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, விரல்கள் உள்ளே வரும்படி வெட்டினேன். இப்போது கவரில் இருக்கும் எட்டுப் படத்திலும் அவை இருக்கின்றன. இன்னொருவர் விரல் தெரிகிற படத்தை எந்தக் கம்பெனியும் வாங்காது. தெரிந்தேதான் செய்தேன்.

அங்கேயும் ஸ்டூடியோக்கள் இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் மகள் இல்லை. இரண்டு நிமிஷத்தில் உங்களை நாற்பது வயதாக்கிக் கொடுத்துவிடுவார். நான் தடுக்க முடியாது. ஆனால் எனக்காக ஒரு ஸ்டூடியோ என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கே போகாதீர்கள். எனக்கு மாடிப்படி ஏறிப் போகிற இந்த ஸ்டூடியோ போதும். போர்டு வேண்டுமென்று தோன்றினால் நானே எழுதிக்கொள்வேன், எனக்கும் கை இருக்கிறது. நல்ல டாக்டர் இங்கேயும் இருக்கிறார். மருந்துக்கடைக்காரரிடம் எந்தக் கஸ்டமர் என்று சொல்லாமல் அதையும் கேட்டு வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இன்னும் படத்தைக் காட்டவில்லை. “அப்பா போட்டோ எப்படி வந்திருக்கு?” என்று தினமும் கேட்கிறாள். வந்துகொண்டே இருக்கிறது என்கிறேன். அவளிடம் என்ன சொல்வது என்பதை நீங்கள் வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். போனில் வேண்டாம், ஸ்பீக்கரில் வேண்டாம்.

அந்த விரல்களுக்குச் சொந்தக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட வேண்டிய நாள் அன்று, பேனாவுக்குப் பதில் உங்கள் பெட்டியை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்று சொல்ல மாட்டார். அப்படிப் பிடித்திருக்கிறவர் சொல்ல மாட்டார்.

எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள் அப்பா. விமான நிலைய வாசலில் நான் நிற்பேன். படம் எதுவும் எடுக்க மாட்டேன், கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன். என் இரண்டு கையும் காலியாக இருக்கும்.

உங்கள் மகள்