எட்டாம் நாள் யாருக்கு

ஏப்ரல் 5, புதன்

என்ன நோட்டே, சௌக்கியமா? மழைக்காலம் முழுவதும் உன்னைத் தொடவில்லை. பூச்சி ஏதும் அரிக்கவில்லையே? எனக்குப் பெரிய குறை இல்லை. முழங்கால் வலி இருக்கிறது. வான்கோழிகளுக்கு வழக்கம்போல என்மேல் கோபம்.

இரண்டு சேதிகள். முதலாவது, ‘பழைய துறைமுகம்’ துப்பறியும் தொடர் திரும்பி வருகிறது. ஐந்து வருஷம் கழித்து. பஸ்கா முடிகிற அன்றைக்குச் சாயங்காலம், திங்கட்கிழமை எட்டரை மணிக்கு என்று டிவியில் போட்டுப் போட்டுக் காட்டுகிறார்கள். போன தடவை கடைசிக் காட்சியில் இன்ஸ்பெக்டர் கர்மேலாவை யாரோ சுட்டு, அவள் கடலில் விழுந்தாள். அதோடு நிறுத்திவிட்டார்கள். பிழைத்தாளா, போனாளா? பக்கத்து வான்கோழிப் பண்ணைக்காரன் ப்ரோஸ்பெர், அவள் செத்துவிட்டாள் என்கிறான். நான் இல்லை என்கிறேன். இதற்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம்.

இரண்டாவது, மாண்ட்ரியலிலிருந்து என் மகள் ஓஸ்நாத் வருகிறாள். பண்டிகை நடுவில். தனியாக.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். “வரேன்பா” என்றாள். அது நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

நாளை சாயங்காலம் பஸ்கா தொடங்குகிறது. வீட்டில் ரொட்டித் தூள் ஒன்றுகூட மிச்சமில்லை, பண்டிகை முடியும்வரை புளித்த மாவு ஆகாது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் தானாகப் போட்டு அணைக்கிற கடிகாரங்களைத் திருகி வைத்தேன். புனித நாளில் சுவிட்சில் கை வைக்க முடியாதே.

இந்தக் கடிகாரம் என்றதும் ப்ரோஸ்பெர் நினைவு வந்துவிடுகிறது. ஒரு வருஷம் பாவ நிவாரண நாளுக்கு மின்விசிறிக்கு மாட்ட வேண்டிய கடிகாரத்தை டிவிக்கு மாட்டிவிட்டான். நாட்டில் எல்லாச் சேனலும் மூடியிருக்கிற நாள். அவன் வீட்டிலோ டிஷ் வழியாக மொராக்கோ சேனல். நடுப்பகலில், குடும்பமே பட்டினி விரதத்தில் கிடக்கும்போது, பெட்டி தானாக உயிர் பெற்று ஒரு பெண்மணி கொடிமுந்திரி போட்டு ஆட்டுக்கறி சமைக்க ஆரம்பித்தாள். அணைக்கவும் முடியாது, தொடவும் முடியாது. ஒன்றரை மணி நேரம். கறி வேகும்வரை குடும்பமே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. கேட்டால், “கண்ணை மூடிக்கிட்டுத்தான்யா இருந்தோம்” என்பான். அந்தச் செய்முறை இன்றைக்கும் அவன் பெண்டாட்டிக்கு மனப்பாடம்.

எங்கே விட்டேன்? ஓஸ்நாத்தின் பழைய அறைக்கு வெள்ளையடித்தேன். என் அக்கா ஃப்ரெஹா வந்து எட்டிப் பார்த்தாள்.

“யாருக்குடா இந்தப் புதுக் கட்டில்?”

“பஸ்காவுக்கு.”

“பஸ்காவுக்குக் கட்டில் வாங்கின முதல் ஆள் நீதான். வாயைத் திறந்து அவகிட்டக் கேளேன், இங்கயே இருந்துடுறியான்னு.”

கேட்கலாம். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதனால்தான் வாய் வரவில்லை.

ஏப்ரல் 13, வியாழன்

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள்.

தடயங்கள்: பெட்டி சிறியது, அப்படியானால் திரும்பிப் போவாள். பெட்டிக்குள் கனமான குளிர்காலக் கோட்டு, அப்படியானால் அடுத்த குளிர்காலம் இங்கேதான். ப்ரோஸ்பெரிடம் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, “ப்ளேன்ல குளிரும்யா” என்றான்.

கொலைகாரனைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ராசி இல்லை. ‘பழைய துறைமுகம்’ எத்தனை பாகம் பார்த்திருப்பேன், ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. டாக்டர்தான் என்பேன், டாக்டராக இருக்காது. ஓஸ்நாத் இரண்டாவது காட்சியிலேயே சொல்லிவிடுவாள்.

நாங்கள் இரண்டு பேரும் இதைப் பார்க்க ஆரம்பித்தது என் மனைவி சூலிகா இறந்த வருஷம். ஓஸ்நாத் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் ஃபோனில் யார் யாரைக் கொன்றார்கள் என்று பேசிக்கொள்வோம்.

ஏப்ரல் 14, வெள்ளி

அவள் ஃபோன் மூன்று தடவை அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

ஏப்ரல் 16, ஞாயிறு

இன்று சாயங்காலம் பஸ்காவின் கடைசிப் புனித நாள் தொடங்குகிறது. நாளை முழுவதும் எழுத முடியாது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

காலையில் மொச்சை உரிக்கும்போது தானாகவே சொன்னாள். அவள் கணவர் ஜெரால்ட் பியானோ சரிசெய்கிறவர். போன இலையுதிர்காலத்தில் அவர் அம்மா இறந்துபோனார்.

“ஆறு மாசமாச்சுப்பா. பேசறதே இல்ல. சண்டையும் இல்ல. சாப்பிட வாங்கன்னா வராரு, போங்கன்னா போறாரு. சுவரோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு.”

“இப்ப ஃபோன் பண்றாரே?”

“பண்ணுவாரு. எடுத்தா மூச்சுச் சத்தம் கேக்கும். அதுக்கெதுக்கு எடுக்கணும்?”

நான் அடுத்த மொச்சையை எடுத்து உரித்தேன்.

அப்புறம் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். வாசலில் ரப்பி நின்றிருந்தார். எங்கள் ஜெபக்கூடத்து ரப்பி சிறு வயதுக்காரர், எதைக் கேட்டாலும் நிதானமாகச் சொல்வார். ஓஸ்நாத் அவரிடம் கேட்ட கேள்வியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ரப்பி, நாங்க அங்க எட்டு நாள் பஸ்கா வைப்போம். இங்க, புனித பூமியில, ஏழுதானே. நான் எத்தனை வைக்கணும்?”

“திரும்பிப் போற எண்ணம் இருந்தா எட்டு. இங்கேயே இருக்கறதா இருந்தா ஏழோட முடிஞ்சுது.”

“தெரியலைன்னா?”

ரப்பி தாடியைத் தடவிக்கொண்டார். “தெரியலைன்னா எட்டு நாளும் ரொட்டி தொடாதீங்கம்மா. நாளைக்குச் சாயங்காலம் விளக்கும் ஏத்துங்க. ஆனா ஆசீர்வாதத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் அதைச் சொல்லலாம். சந்தேகத்துல கடவுள் பேரை எடுக்க முடியாதே.”

அவள் தலையாட்டினாள். நான் உருளைக்கிழங்குச் சாக்கைத் தூக்கினேன். கனமாகவே இல்லை. அப்புறம்தான் பார்த்தேன், வெறும் சாக்கு.

ஏப்ரல் 17, திங்கள், சாயங்காலம்

நட்சத்திரம் மூன்று பார்த்தாயிற்று. எங்களுக்கு ஏழாம் நாள் முடிந்தது. ஃப்ரெஹா அக்கா மாவோடு வருகிறாள். மீதி அப்புறம்.

ஏப்ரல் 18, செவ்வாய், காலை

நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். எனக்கு வரிசை வராது, முயல்கிறேன்.

பண்டிகை முடிந்ததும் எங்கள் ஊரில் எல்லா வீட்டுக் கதவும் திறந்துவிடும். அதற்குப் பேர்தான் மிமூனா. ஏழு நாள் மாவு காணாதவர்கள் ஒரே சாயங்காலத்தில் பழி தீர்த்துக்கொள்வோம். என் வீட்டு டிவி பெரியது என்பதால் நேற்று எங்கள் தெருவே இங்கேதான். நாற்காலி போதவில்லை. உள்ளே இருப்பதை எடுத்து வரலாம் என்று நடைவழியில் போனேன்.

சமையலறை மேடையில் சூலிகாவின் நினைவு விளக்கு, நான் முந்தின நாள் சாயங்காலம் ஏற்றியது, இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஓஸ்நாத் வெள்ளை உடுப்புப் போட்டு அதன் முன்னால் நின்றாள். புது நெருப்புக் கிழிக்கக் கூடாது, இருக்கிற நெருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு குச்சியை அதில் காட்டி, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஆசீர்வாதத்தைச் சொன்னாள். முணுமுணுக்கவில்லை. வாய்விட்டு, கடவுள் பேரோடு, கடைசிச் சொல் வரைக்கும்.

நாற்காலியோடு நின்னேன். சரி. தெரிஞ்சுபோச்சு. திரும்பிப் போறா. கேக்காத கேள்விக்குப் பதில் வந்தாச்சு. நல்லதுதானே? நல்லதுதான். புதுக் கட்டில்— கட்டில் எங்கே போகுது, இருக்கட்டும்.

நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

ஃப்ரெஹா அக்கா முஃப்லெட்டா சுட்டு அடுக்கினாள். மாவைக் கையால் இழுத்து இழுத்துக் காகிதம்போல ஆக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வாட்டி, வெண்ணெயும் தேனும் தடவி. முதல் தட்டை ஓஸ்நாத்துக்கு நீட்டினாள். அறையில் இருந்த அத்தனை கண்ணும் அந்தத் தட்டின்மேல்தான். கடைவாசலில் ரப்பி சொன்னது அதற்குள் ஊர் முழுக்கப் போயிருக்கிறது.

“வேண்டாம் அத்தை.”

“ஒண்ணே ஒண்ணுடி.”

“எனக்கு இன்னிக்கு எட்டாம் நாள் அத்தை.”

அக்கா தட்டை ப்ரோஸ்பெர் மடியில் வைத்தாள்.

“அங்க போய் என்னத்தைத் தின்னப் போற, பனிக்கட்டியையா? சரி விடு. நாளைக்கு உனக்குன்னு தனியாச் சுடறேன். ஆறிப்போனதை என் அண்ணன் தம்பி பிள்ளைங்க யாரும் தின்னக் கூடாது.”

எட்டரை. நான் டிவியைப் போட்டேன். ஓஸ்நாத் எழுந்து வெளியே போய் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குத்தான் இன்னும் புனித நாள். தலைப்பு இசை வந்தது. நான் ஐந்து வருஷம் காத்திருந்த இசை. கப்பல் சங்கு, அப்புறம் அந்த மத்தளம்.

நானும் எழுந்து வெளியே போனேன்.

“எங்கய்யா போற, மூளை கெட்டுப்போச்சா?” என்று ப்ரோஸ்பெர் கத்தினான்.

படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “நீங்க போய்ப் பாருங்கப்பா” என்றாள். முட்டி மடக்கியாயிற்று, இனி எழுந்திருக்க முடியாது என்றேன். பாதி உண்மை.

“உனக்குக் கேக்கலாமா?”

“நான் போடல, நான் பாக்கல. காத்துல வர்றதுக்கு நான் என்ன செய்ய?” என்று சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கதவு சத்தம், யாரோ நடக்கிற சத்தம், ஆஸ்பத்திரி மாதிரி ஒரு மணி. உள்ளே ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“யாரோ புதுசா கமிஷனர் வந்திருக்கான்பா. குரல்லயே பொய் தெரியுது.”

“டாக்டர்?”

“டாக்டர் இல்லப்பா. எந்தக் காலத்துலதான் டாக்டரை விடுவீங்க?”

அப்புறம் டிவியில் வசனமே வரவில்லை. திடீரென்று அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

“அப்பா. விதை.”

“என்ன?”

“சூரியகாந்தி விதையைக் கடிச்சுத் துப்பற சத்தம். கேளுங்க. கர்மேலா.”

கர்மேலா விசாரணை நேரத்தில் விதை கொறித்துக்கொண்டேயிருப்பாள். காதைத் தீட்டினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாலு நொடி கழித்து உள்ளே வீடே அதிர்ந்தது, பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது. ப்ரோஸ்பெர் வாசலுக்கு வந்து, “யோவ், உசிரோட இருக்காய்யா” என்றான். கண் கலங்கியிருந்தது. செத்துவிட்டாள் என்று ஐந்து வருஷம் சாதித்தவன்.

“எங்களுக்குத் தெரியும் மாமா,” என்றாள் ஓஸ்நாத். “சுட்டது யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா உங்க வான்கோழியையெல்லாம் திறந்து விட்டுருவேன்.”

எல்லோரும் தட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பியபின் சொன்னாள், “வியாழக்கிழமை போறேன்பா.”

“தெரியும். நாற்காலி எடுக்க வந்தேன்.”

கொஞ்சம் யோசித்துப் புரிந்துகொண்டாள். “குச்சியைக் கையில எடுக்கிற வரைக்கும் எனக்கே தெரியலப்பா. ஆசீர்வாதத்தை முழுங்கிடலாம்னுதான் நெனச்சேன். வாய் தானாச் சொல்லிடுச்சு.”

“சுவரோட குடித்தனம்னு சொன்னியே.”

“சொன்னேன்.” படியில் இருந்த ரொட்டித் துணுக்கைக் காலால் தள்ளிவிட்டாள். “அம்மா போனப்ப நீங்க எப்படி இருந்தீங்க? ஒரு வருஷம் கொலைகாரன் யாருங்கறதத் தவிர நீங்க எங்கிட்ட வேற ஒண்ணுமே பேசல. நான் வாராவாரம் ஃபோன் பண்ணலியா?”

எனக்கு அது தெரியாது. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 18, இரவு

இன்று முழுவதும் காதில் பஞ்சு. கடைக்காரர், பால்காரர், ரப்பிகூட, எல்லாருக்கும் சுட்டவன் யார் என்று சொல்லியே ஆக வேண்டும். யாரையும் கிட்டச் சேர்க்கவில்லை. அவளுக்கு எட்டாம் நாள் முடிந்ததும் முதல் பாகத்தை மறுபடி போட்டு இரண்டு பேரும் பார்த்தோம். ஃப்ரெஹா அக்கா சுடச்சுடக் கொண்டுவந்தாள். ஓஸ்நாத் ஆறு தின்றாள்.

கமிஷனர்தான்.

ஏப்ரல் 20, வியாழன்

பஸ் நிறுத்தம்வரை போனேன். கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏறினாள், இந்த வெயிலில். பெட்டியில் ஃப்ரெஹா அக்காவின் ஊறுகாய்.

ஏப்ரல் 24, திங்கள்

வான்கோழி இரண்டுக்குக் கண் நோய். மருந்து விட்டேன், ஒன்று என் விரலைக் கொத்தியது.

வெள்ளிக்கிழமை, சபத் ஓய்வுநாள் தொடங்குவதற்கு முன்னால் ஓஸ்நாத் ஃபோன் பண்ணினாள். போய்ச் சேர்ந்த ராத்திரியே சாப்பாட்டு மேஜையில் அவள் சும்மா கர்மேலா கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம், சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல. ஜெரால்ட் கரண்டியை வைத்துவிட்டு, “அவளை எதுக்குச் சுட்டாங்க?” என்று கேட்டாராம். ஆறு மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.

“நீ என்ன சொன்ன?”

“எனக்கு நீளமாச் சொல்ல வராது, எங்கப்பாவைக் கேளுங்கன்னுட்டேன்.”

அந்த மனிதருக்கு எபிரேயம் ஜெபப் புத்தகத்தில் இருக்கிற அளவுக்குத்தான் தெரியும். எனக்கு ஆங்கிலம் அந்த அளவுக்குக்கூட இல்லை.

இரண்டாம் பாகம் இன்னும் கால் மணியில். அங்கே மத்தியானம். ஆரம்பிக்கும்போது கூப்பிடுவதாகச் சொன்னாள். ஃபோனைத் திறந்து வைத்தபடியே இரண்டு வீட்டிலும் பார்ப்பது என்று ஏற்பாடு. ப்ரோஸ்பெர் வரட்டுமா என்றான். நாளைக்கு வா என்றேன், இன்றைக்கு என்னவோ

ஃபோன் அடிக்கிறது. கால் மணி முன்னாலேயே. ஓஸ்நாத்தின் எண் இல்லை, ஜெரால்டின் எண். இரு நோட்டே, கர்மேலாவை எதற்குச் சுட்டார்கள் என்று முதலிலிருந்து சொல்வதென்றால் துறைமுகத்துக்கு அந்தக் கப்பல் வந்த நாளிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும், அவருக்கு அவ்வளவு நேரம்