மாடி முழு ஆஜர்

ஐப்பசி 3, சனி

காலையிலிருந்து தூறல். மயிலாப்பூரிலிருந்து பனகல் பார்க் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் வேட்டியெல்லாம் சேறு. தீபாவளிக்குப் பத்து நாள். அது முடிந்த அதே வாரத்தில் ரம்ஜான். மற்ற வருஷங்களில் தீபாவளிக்கு பாய்மார் கடையைப் பார்த்துக்கொள்வார்கள், ரம்ஜானுக்கு மற்றவர்கள். இந்த வருஷம் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் பண்டிகை. தையற்கடை நடத்தின மாதிரிதான்.

கீழ் ஹால் (என் பொறுப்பு. ரவிக்கை, குழந்தைகள் கவுன்): எட்டுப் பேரில் மூவர் இல்லை. ஒருவனுக்கு ஜுரம். ஒருவனுக்கு மாமியார் ஜுரம். மூன்றாமவன் சொல்லியே அனுப்பவில்லை.

மாடி ஹால் (சட்டை, கோட்டு): முழு ஆஜர். மாடிக்குப் பொறுப்பு வரதராஜுலு நாயுடு. இனி வ.நா. முழுப் பேரும் எழுதக் கை வரவில்லை.

முதலாளி படி இறங்கும்போது, "நாயுடுவைப் பாரும் அய்யரே. ஒரு ஆள் குறையலை." நாலு பேர் காதில் விழும்படி.

தை மாதம் லஸ்ஸில் கிளைக்கடை திறக்கிறார். மேனேஜர் நானா, அவனா? இன்னும் வாய் திறக்கவில்லை. எனக்கு இங்கே பதினோரு வருஷம். அவனுக்கு இரண்டு.

வாங்க: நல்லெண்ணெய், சீயக்காய், பொட்டு வெடி.

ஐப்பசி 5, திங்கள்

நோட்டீஸ் ஒட்டினேன். வராதவர்களுக்குத் தீபாவளி இனாம் கிடையாது. எழுத்து அழகாக விழுந்தது. கீழ் ஹால் முனுசாமி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இன்னா சார், நோவு வந்தாக்கூடவா?"

"வந்தாலும்தான்."

நல்ல கை அவனுக்கு. எங்கள் பாப்பாவின் தீபாவளிக் கவுன் துணியைக் கொடுத்தேன். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதை முடி என்று.

என்னை 'சார்' என்கிறார்கள். அவனை 'நைனா'. மாடிப்படியில் நாள் முழுக்க நைனா, நைனா. வயிறு எரிகிறது. எழுதியாகிவிட்டது, போகட்டும்.

ஐப்பசி 6, செவ்வாய்

கீழே ஐந்து பேர் இல்லை. முனுசாமியும். நோட்டீஸ் மேல் எவனோ சுண்ணாம்பு தடவியிருக்கிறான். மாடி முழு ஆஜர்.

என்ன சொக்குப்பொடி போடுகிறான்? ரகசியமாகக் கைச்செலவுக்குக் கொடுக்கிறானா? சீட்டு நடத்துகிறானா? வீட்டில் கமலாவிடம் புலம்பினேன்.

"அவர் மனுஷாகிட்ட நன்னா பேசுவாரா இருக்கும்னா."

"நான் பேசலையா?"

ரசம் விட்டாள்.

ஐப்பசி 8, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

கடை ஒன்பதுக்கு. இன்று ஏழுக்கே போய்ப் பார்த்தேன். மாடியில் மெஷின் சத்தம். ஏறினால், அத்தனை பேரும் இருக்கிறார்கள். ஒருத்தன் கையிலும் கடைத் துணி இல்லை. ரஹீம் பாய் தன் பேரனுக்குப் பைஜாமா தைக்கிறார். பக்கத்தில் ஒருவன் தங்கைக்குப் பாவாடை. வ.நா. தரையில் உட்கார்ந்து யார் வீட்டுச் சட்டைக்கோ பொத்தான் வைக்கிறான்.

"என்ன நாயுடு இது?"

"குந்துங்க சார். சொந்தப் புள்ளைக்குத் தெக்காம ஊர்ப் புள்ளைக்கு எப்டி தெப்பான்? வாடகை மெஷின் புடிச்சு வூட்ல தெக்கறதுக்குத்தான் லீவு போடறான். காலைல இங்கயே முடிச்சுக்கினா, ஒம்போது மணிக்கு ஆள் கீறான்."

ரஹீம் பாய் தலை நிமிராமல், "நைனா விடியக்காலைலயே வந்து கதவு தொறந்துடறாரு சார்" என்றார்.

இவ்வளவுதானா! பதினோரு தீபாவளியாக இதே லீவு, இதே ஜுரம். தையற்காரன் வீட்டுக்குத் தைப்பது யார் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அவனுக்கு இரண்டே வருஷத்தில் தோன்றியிருக்கிறது. அதுதான் பொறுக்கவில்லை.

கீழேயும் இப்படியே செய்யலாம். செய்தால் நாயுடுவைப் பார்த்துச் செய்தான் என்பார்கள். வேண்டாம்.

ஐப்பசி 9, வெள்ளி

முதலாளியிடம் சொன்னேன். கடை மெஷின், கடை நூல், கடை விளக்கு. எல்லாம் சொந்தக் காரியத்துக்கு.

அவர் முகம் கடுத்தது. வ.நா.வைக் கூப்பிட்டு மாடிச் சாவியை வாங்கி என்னிடம் தந்தார். வ.நா. வாதாடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினான்.

வாதாடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐப்பசி 10, சனி

மாடியில் வந்தது இரண்டு பேர். கீழே மூன்று பேர். மாடியும் கீழும் ஒன்றாயிற்று. காலையில் வெகு சந்தோஷம். காப்பிகூட இரண்டு தடவை குடித்தேன்.

மத்தியானத்துக்கு மேல் அடையாற்றிலிருந்து ஒரு அம்மாள் காரில் வந்து ஒரு கத்து. அப்புறம் வரிசையாக. பலத்த மழை வேறு.

ஐப்பசி 12, திங்கள்

தலை தீபாவளி மாப்பிள்ளைச் சட்டை எங்கே என்று மாமனார்கள் கவுன்டரைத் தட்டுகிறார்கள். முதலாளி வெட்டாத துணிகளை அப்படியே மடித்து, கை கூப்பித் திருப்பிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று காகிதம் சுற்றினேன். வ.நா. மாடியில் தனியாக மெஷின் மிதித்துக்கொண்டிருந்தான். முடிந்த சட்டைகளைக் கொண்டுவந்து வைத்தபோது என் பக்கம் திரும்பவே இல்லை.

பாப்பாவின் துணி முனுசாமி மெஷின் மேலேயே கிடந்தது. கத்தரி படவில்லை. எடுத்து வந்தேன்.

ஐப்பசி 13, செவ்வாய். தீபாவளி

எண்ணெய் ஸ்நானம். மழை. வெடி நமுத்துப்போயிற்று. கமலா போன வருஷக் கவுனின் மடிப்பைப் பிரித்து நீளம் விட்டாள். பாப்பா கேட்கிறது, "அப்பாது தையக்கடைதானேம்மா?"

சாயங்காலம் கோயில் குளத்தோரம் முனுசாமி, மகளோடு. ரோஸ் கவுன். கழுத்தில் சின்னதாகச் சுருக்கம் வைத்துத் தைத்திருந்தான். அப்படி ஒரு வேலை கடைக்கு அவன் செய்ததே இல்லை. கும்பிட்டான். நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

ஐப்பசி 19, திங்கள்

ரம்ஜான் முடிந்து இன்றுதான் கடை நிதானத்துக்கு வந்தது. முதலாளி உள்ளே கூப்பிட்டார்.

"லஸ் கடையை நீர் பாத்துக்கும். நாயுடுவைத்தான் கேட்டேன். வேணாம்னுட்டார்."

இதை ஏன் சொல்ல வேண்டும்? முதல் பாதியோடு நிறுத்தியிருக்கலாமே.

வ.நா. வேலையை விட்டுவிட்டானாம். மேற்கு மாம்பலத்தில் சொந்தமாகக் கொட்டகை போட்டிருக்கிறான். மாடி ஆட்கள் மொத்தமும் அவனோடு. கீழிருந்து முனுசாமி. லஸ்ஸுக்கு என்னோடு யார் வருகிறீர்கள் என்று மிச்சமிருந்தவர்களைக் கேட்டேன். ஆளுக்கு ஒரு காரணம்.

கமலா பாயசம் வைத்தாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஐப்பசி 22, வியாழன்

லஸ் கடை வேலை என்று சொல்லிவிட்டு மாம்பலம் போனேன். ரயில்வே கேட் தாண்டி சின்னச் சந்து. கீற்றுக் கொட்டகை, நாலு வாடகை மெஷின். எதிரே சைக்கிள் கடை. அதன் மறைவில் நின்றேன்.

முனுசாமி என்னவோ சொல்ல, எல்லாரும் சிரிக்கிறார்கள். ரஹீம் பாய் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். என்னைப் பற்றித்தான், சந்தேகமே இல்லை. காட்டிக்கொடுத்தவன் கதை. கேட்டே தீருவது என்று குடையைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே போனேன்.

மீன்காரியிடம் எவனோ பேரம் பேசி மாட்டிக்கொண்ட கதை.

திரும்பவும் சைக்கிள் கடைப் பக்கம் வந்து நின்றேன். மழை வலுக்கிற வரைக்கும். எதை எதையோ பேசினார்கள். என் பேர் வரவே இல்லை.