தாளி என்று சொன்ன குரல்

ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி.

மதுரைக்குப் போய் மியூசியம் பார்த்து வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பத்தாவது படிக்கும் என் பேத்தி முத்துமாரியின் குரல் அங்கே இருக்கிறது. அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானைக்குப் பக்கத்தில், டீக்கடையில் பணம் அனுப்ப ஒட்டியிருக்கிற மாதிரி ஒரு கறுப்புக் கட்டம். அதில் போனைக் காட்டினால் பேத்தி பேசுகிறாள். அங்கே இருக்கிற சாமான்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையே கூட்டாகச் சேர்ந்து எழுதிப் பேசச் சொல்லிவிட்டார்களாம் மியூசியக்காரர்கள்.

முதலில் இவள் அந்தப் பானையின் பேரான 'தாழி' என்பதைத் 'தாளி' என்று பேசிவிட்டாள். கூடச் சேர்ந்து செய்த ஆல்பர்ட், "ஏ பிள்ள, மானத்த வாங்கிருவ போல. அழிச்சிரு, நானே பேசுறேன்" என்றிருக்கிறான். அப்போது இவளுக்குச் சோறே இறங்கவில்லை. பிறகு இவளே போய், "ரெண்டையும் சொல்லுவோம்டா" என்று அவனைச் சம்மதிக்க வைத்திருக்கிறாள்.

இன்று என் காதால் கேட்டேன். "புஸ்தகத்துல இது தாழி. எங்க அப்பத்தா வாயில தாளி. என் வாயிலயும் அதேதான் வருது."

எல்லாரும் சிரிப்பார்களே என்று கூசிப்போய் இவளோடு ஒதுங்கி நின்றேன். இவள் வயசுப் பையன் ஒருவன் போனைக் காட்டி அதைக் கேட்டான். சிரிக்கவும் செய்தான். உடனே வாசல் பக்கம் திரும்பி, "ஏலே, இங்க வாங்கடா! இது நம்மள மாதிரியே பேசுதுலே!" என்று கத்தினான். வெளியே போனவர்கள் திரும்ப ஓடி வந்து பானையைச் சுற்றி நின்றார்கள்.

"போய் நான்தான்னு சொல்லு தாயி" என்றேன்.

"சும்மா இரு அப்பத்தா. முழுசாக் கேக்கட்டும்" என்றாள்.