ஃப்யூஸுக்கு வெளியே ஒரு வயர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்பதை இதை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. சீட் தைக்கிற உன் சிநேகிதரிடம் கெஞ்சித்தான் உன் விலாசத்தை வாங்கினேன். அவர்மேல் கோபப்படாதே. மூன்று முறை முடியாது என்றுதான் சொன்னார்.

சின்னவள் உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். உன் மாமாவுக்கு உள்ளங்கைத் தழும்பு இப்போது இழுத்துப் பிடிப்பதில்லை. ஸ்பேனரை முன்போலவே பிடிக்கிறார். நான் அதே தொழிற்சாலையில்தான் இருக்கிறேன், வாஷிங் மெஷினுக்கு வயர்க் கட்டு போடும் அதே மேஜையில்.

இனி காரைப் பற்றி. நீயும் மாமாவும் மூன்று வருஷம் பாடுபட்டு உயிர் கொடுத்த வண்டி, முதல் ஓட்டத்திலேயே டாஷ்போர்டுக்குள் தீப்பிடித்த நாளிலிருந்து இரண்டு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. போன மாதம் மாமா அதைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடப் பார்த்தார். நான் குறுக்கே நின்றேன். "வயரிங் மட்டும்தானே எரிஞ்சுது, அத நான் மாத்தறேன்" என்றேன். "இது வாஷிங் மெஷின் இல்ல, கார்" என்றார். "அது கரண்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

டாஷ்போர்டைக் கழற்றி, எரிந்த வயர்க் கட்டை ஒரே துண்டாக வெளியே எடுத்து, கூடத்தில் பழைய போர்வை விரித்துக் கிடத்தினேன். ஒரு பாதி கரி. மறுபாதியில் டேப்பைப் பிரித்தால் உள்ளே உன் வேலை அப்படியே இருந்தது. ஒரு சாணுக்கு ஒரு மெழுகு நூல் முடிச்சு. ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம் வைத்து, மேலே பிளாஸ்டிக் குழாயைச் சூடுகாட்டிச் சுருக்கியிருந்தாய். எங்கள் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர் கண்ணில் பட்டால் உன்னை அங்கேயே உட்கார வைத்துவிடுவார். நாற்பத்தோர் இணைப்பு இருந்தது. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் கையோடு வரவில்லை.

பிறகு தீ போன வழியே பின்னோக்கிப் போனேன். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், ஒரு தகட்டின் விளிம்பில் உரசும் இடத்தில், செம்பு உருகி மிளகு அளவுக்கு உருண்டு நின்றது. அந்த வயர் உன் கட்டைச் சேர்ந்ததில்லை. கருகாத நாலு விரல் நீளத்தில் சாம்பல் நிறமும் மஞ்சள் கோடும் தெரிந்தன. எங்கள் தொழிற்சாலை வயர், தம்பி. நான் போட்டது.

வண்டி முதலில் ஓடுவதற்கு முந்தின நாள் மதியம். நீங்கள் இருவரும் டயர் வாங்கப் போயிருந்தீர்கள். க்ளவ் பாக்ஸைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும், உன் மாமா அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. ஃப்யூஸ் பெட்டிக்குக் கை எட்டவில்லை. பேட்டரியிலிருந்து நேராக வரும் வயரிலேயே இணைத்துவிட்டேன். தினம் பத்துப் பேருக்கு ஃப்யூஸ் ஏன் வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான். வண்டியின் குலுக்கலில் வயரின் தோல் தேய்ந்து தகட்டைத் தொட்டபோது, அறுந்து காப்பாற்ற அங்கே ஃப்யூஸ் இல்லை. என் வயர் பழுக்கக் காய்ந்து, உன் வயர்களையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

எனக்கு இத்தனை நாள் தெரியாது என்று எழுதிவிடலாம். எழுத மாட்டேன். மாமா சின்னவளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, எரிகிற வயரை வெறுங்கையால் பேட்டரியிலிருந்து பிடுங்கிவிட்டு, பட்டறைத் தெரு முழுக்கப் பார்க்க, "உன் கைய நம்பித்தானே என் புள்ளைய ஏத்துனேன்" என்று உன்னைக் கேட்டாரே, அப்போதே அந்த விளக்கு எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு குட்டி பல்பு என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவர் கைக்குக் கட்டுப் போட ஓடினேன். அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தெருவில் இருந்த உன் வயரிங் கடைக்கு வண்டி வருவது ஒவ்வொன்றாக நின்றது. மாதம் முடிவதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனாய். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். அந்த உருகிய இடத்தில் மட்டும், நான் பிரிக்கும்போது, கரிக்கு மேலே புது டேப் சுற்றியிருந்தது. டேப் கருகவில்லை. தீ அணைந்த பிறகு யாரோ அதைப் பிரித்துப் பார்த்து, பழையபடி மூடி, மெழுகு நூலில் முடிச்சும் போட்டிருக்கிறார்கள். உன் முடிச்சு எனக்குத் தெரியாதா? யாருடைய வயர் என்று பார்த்துவிட்டுத்தான் நீ போயிருக்கிறாய்.

அன்று மாமா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். தாமதித்தால் மறுபடி சமாதானம் சொல்லிக்கொள்வேன் என்று பயம். அவர் கத்தவில்லை. "அவனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். டேப்பைக் காட்டினேன். அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள், நான் கேட்காமலே, ஆளுயரப் பலகை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சுவரில் சாய்த்தார்.

அந்தப் பலகையில் உன் பழைய வயர்க் கட்டை அளந்து படம் வரைந்து, வளைவுக்கு வளைவு ஆணி அடித்து, ஒவ்வொரு வயராக ஓடவிட்டேன். உன் நிறங்களையே வைத்துக்கொண்டேன். தகட்டில் எங்கெங்கே ஓட்டை உண்டோ அங்கெல்லாம் ரப்பர் வளையம் போட்டேன். உள் விளக்குகளுக்குப் போகும் ஒரு வயர்கூட இப்போது ஃப்யூஸுக்கு வெளியே கிடையாது. இரண்டு தடவை தவறாகப் போய் முழுப் பக்கத்தையும் பிரித்தேன். விரல் நுனியெல்லாம் புண்ணாயிற்று. மாமா டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து நான் சொன்ன இடத்தில் சொன்ன வயரைப் பிடித்துக் கொடுத்தார்.

பேட்டரியை நேராகக் கொடுக்காமல், நடுவில் ஒரு பல்பைப் போட்டுச் சோதித்தேன். எல்லாவற்றையும் அணைத்திருந்தால் அது எரியக் கூடாது; எரிந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். எரிந்தது. அரைநாள் தேடினேன், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் மாமா, "கதவ சாத்திப் பாரேன்" என்றார். கதவு திறந்திருந்ததால் கூரை விளக்கு எரிந்திருக்கிறது. சாத்தினேன், பல்பு அணைந்தது. நான் உண்மையைச் சொன்ன நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டியை நானே பட்டறைத் தெருவுக்கு ஓட்டிப் போனேன். அந்தச் சாம்பல் வயரைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி, தீப்பிடித்தது இதனால், இதைப் போட்டது நான், என் தம்பியின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். பெயின்ட் அடிக்கிறவர், "குடும்ப விஷயம், எங்களுக்கு எதுக்கும்மா" என்றார். "நீங்க அவன்கிட்டயிருந்து வண்டிய எடுத்துட்டுப் போனப்ப அது குடும்ப விஷயமா இல்லையே" என்றேன். பேட்டரிக் கடைக்காரர் வயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்ப வர்றான்னு கேட்டு எழுதுங்க, இங்க ஒழுங்கா வயரிங் பாக்க ஆளே இல்ல" என்றார். உன் கடை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மாமா உனக்கு எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டார். நேரில்தான் சொல்ல முடியும் என்கிறார். நீ கூப்பிட்டால் நீ இருக்கும் இடத்துக்கே வந்து நிற்பார். நானும் வருவேன்.

வா என்று நான் சொல்லவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவன் நீ. ஒன்றே ஒன்று கேட்கிறேன். "பரவாயில்லை அக்கா" என்று மட்டும் எழுதிவிடாதே. என்னை நன்றாகத் திட்டி எழுது. இரண்டு வருஷத்தையும் சேர்த்து, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது. ஒரு வரி விடாமல் படிப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து இரு.

உன் அக்கா